மூன்று ஷிப்டும் ஒரே மில்தான், ஒருவருக்கொருவர் பேச்சுவார்த்தை இல்லை. என்ன செய்யலாம்?

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம் ஒரு நூற்பாலையில் ஸ்பின்னிங் சூப்பர்வைசராக இருக்கிறேன். பகல், அரை நைட், முழு நைட் என்று மூன்று ஷிப்ட். தனித்தனியாகப் பார்த்தால் ஒரு ஷிப்டையும் குறை சொல்ல முடியாது, மூன்றிலும் வேலை தெரிந்தவர்கள். ஒரு ஷிப்டில் நடந்தது அடுத்த ஷிப்டுக்குப் போய்ச் சேருவதில்லை, தலைவலி அங்கேதான்.

சமீபத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். முழு நைட்டில் ஒரு ஃபிரேமை, அதாவது நூல் நூற்கும் மெஷினை, கார்டட் நாற்பதிலிருந்து கோம்ப்டு நாற்பதுக்கு மாற்றினார்கள். நாற்பது என்பது நூலின் கவுன்ட், அதாவது எவ்வளவு மெல்லியது என்ற அளவு; கோம்ப்டு என்றால் கூடுதலாகச் சீவிய பஞ்சில் நூற்ற நூல். வழக்கமாக இரண்டுக்கும் வேறு வேறு கலர் பாபின் (நூல் சுற்றும் குழல்). அன்றைக்கு பாபின் பற்றாக்குறை, இருந்த கலரிலேயே ஓட்டிவிட்டார்கள். லாக் புக்கில் அதை எழுதியும் வைத்தார்கள். பகல் ஷிப்ட் மேஸ்திரி புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மதியம் வரைக்கும் இரண்டு நூலும், பாபின் நூலைக் கோனாகச் சுற்றும் ஒரே ஆட்டோகோனர் மெஷினுக்குப் போயிருக்கிறது. கண்ணால் பார்த்தால் தெரியாதே. திருப்பூரில் துணியாக்கிச் சாயம் போட்ட பிறகுதான் பட்டை பட்டையாகத் தெரிந்தது. லாட் முழுக்கத் திரும்பி வந்துவிட்டது.

"எழுதி வைத்தேனே" என்கிறார் முழு நைட்காரர். "என்கிட்ட யாரும் சொல்லலையே" என்கிறார் பகல்காரர். இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தாயிற்று. கூடவே ஒரு வாட்ஸ்அப் குழுவும் ஆரம்பித்தாயிற்று. அதில் இப்போது காலை வணக்கப் படங்களும் பிறந்தநாள் கேக்கும்தான் ஓடுகிறது. நடுவில் எவராவது உருப்படியாக ஒன்று போட்டால் அது இருபது கைகூப்பலுக்கு அடியில் போய்விடுகிறது.

மூன்று ஷிப்டையும் ஒரே டீமாக ஆக்க உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள்? மில்காரர்கள் மட்டும் என்றில்லை, எந்த வேலையில் இருப்பவரும் சொல்லலாம்.

---

மனிதவளம்_ஓசூர் எழுதியது:

நல்ல கேள்வி. முதலில் மூன்று ஷிப்ட் ஆட்களையும் ஒரு நாள் ஒன்றாக வெளியே கூட்டிப்போங்கள். ஒருவரையொருவர் மனிதராகத் தெரிந்துகொண்டால் பாதிச் சண்டை குறையும். மாதம் ஒருமுறை எல்லா ஷிப்டும் சேர்ந்த கூட்டம், ஒரு கருத்துப் பெட்டி, மாதத்தின் சிறந்த குழுவுக்குப் பரிசு. இவையெல்லாம் எங்கள் ஆலையில் நல்ல பலன் தந்தன.

---

ஸ்டாண்டப்_சலிப்பு எழுதியது:

ஓசூர் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். டூர் போய் ஏலகிரியில் ஒன்றாகப் படகு ஓட்டிவிட்டு வந்தால், திங்கட்கிழமை காலையில் எந்த ஃபிரேமில் என்ன நூல் ஓடுகிறது என்று தெரிந்துவிடுமா?

நான் சென்னையில் ஐடி. எங்களிடம் பேச்சுக்குப் பஞ்சமே இல்லை. காலையில் பதினைந்து நிமிடம் நின்றபடி முடிக்க வேண்டிய கூட்டம் முக்கால் மணி நேரம் ஓடும். ஒவ்வொருவரும் நேற்று தான் எவ்வளவு உழைத்தேன் என்று மேலாளரைப் பார்த்துச் சொல்லுவார்கள். பக்கத்தில் இருப்பவன் காதில் அது விழாது, ஏனென்றால் அவன் தன் முறைக்கு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருப்பான். அதனால் "இன்னும் நிறையப் பேசுங்கள்" என்று யாராவது யோசனை சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது. யார், யாரிடம், எதை, எப்போது என்று கேளுங்கள். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வேண்டாம்.

---

லைன்கிளியர் எழுதியது:

தம்பி, நான் ரயில்வேயில் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கதையில் எனக்கு ஒரே ஒரு இடம்தான் கண்ணில் பட்டது. எழுதியவர் எழுதிவிட்டார். படிக்க வேண்டியவர் படித்தாரா என்று எழுதியவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ள ஒரு ஏற்பாடும் இல்லை.

எங்கள் வேலையில் அதற்கு ஒரு வழி இருக்கிறது. பிரைவேட் நம்பர் என்போம். லெவல் கிராசிங் கேட் ஸ்டேஷனிலிருந்து தூரத்தில் இருக்கும். ரயில் வருகிறது, கேட்டை மூடு என்று நான் போனில் சொல்கிறேன். கேட்மேன் "சரிங்க சார்" என்றால் அது எங்களுக்குப் பதிலே கிடையாது. மூடிப் பூட்டிய பிறகு, தன்னிடம் இருக்கும் தாளிலிருந்து அடுத்த எண்ணை எனக்குச் சொல்ல வேண்டும். நான் அதை என் பதிவேட்டில் எழுதிக்கொள்வேன். தாளில் எண்கள் வரிசையாக இருக்காது, கலைந்து கிடக்கும். அதனால் ஊகித்துச் சொல்ல முடியாது. சொன்ன எண்ணை அடித்துவிட வேண்டும், திரும்ப வராது. 47 என்றால் "நாற்பத்தேழு" என்று மட்டும் சொல்லி விட மாட்டோம், "நான்கு, ஏழு" என்று தனித்தனியாகவும் சொல்வோம். இரைச்சலான லைனில் காது ஏமாற்றும்.

பக்கத்து ஸ்டேஷனிலிருந்து லைன் கிளியர், அதாவது ரயிலை அனுப்ப அனுமதி, வாங்கும்போதும் இதே முறைதான். கேட்டவன் தன் வாயால் ஒன்றைத் திருப்பித் தரும் வரைக்கும் சொன்னவனின் வேலை முடியவில்லை என்று அர்த்தம். எஞ்சினில் லோகோ பைலட்டும் உதவி பைலட்டும் ஒவ்வொரு சிக்னலையும் உரக்கச் சொல்லிக்கொள்வார்கள். ஒருவர் சொல்ல, மற்றவர் தானும் பார்த்துவிட்டுத் திருப்பிச் சொல்வார். இரண்டு பேருக்குமே கண் தெரியும், பிறகு எதற்கு இந்தச் சத்தம் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். ஒரு மழைக்கால இரவு ஓட்டினால் சிரிப்பு போய்விடும்.

உங்கள் லாக் புக்கில் "கொடுத்தேன்" என்று ஒரு கையெழுத்து இருக்கிறது. "எடுத்துக்கொண்டேன்" என்று இன்னொன்று இருக்கிறதா?

---

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

ஐயா, இரண்டு கையெழுத்துக்கும் கட்டம் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், மாதக் கடைசியில் ஆடிட் வருவதற்கு முந்தின நாள் ஒரே பேனாவில் எல்லாம் போடப்படும்.

---

லைன்கிளியர் எழுதியது:

எதிர்பார்த்தேன். :)

---

எண்ணெய்மேடை எழுதியது:

நான் வளைகுடாவில், கடலில் எண்ணெய் எடுக்கும் மேடையின் பராமரிப்பில் இருக்கிறேன். நீங்கள் சொன்ன "எழுதி வைத்தேனே, சொல்லவில்லையே" கதையை எங்களுக்கு வேலையில் சேர்ந்த முதல் வாரமே பாடமாக நடத்துவார்கள். அதன் பெயர் பைப்பர் ஆல்ஃபா.

1988 ஜூலை 6. ஸ்காட்லாந்துக்கு அப்பால் வடகடலில் இருந்த மேடை. அதில் இரண்டு கண்டன்சேட் (வாயுவிலிருந்து பிரியும் திரவம்) பம்ப். பகல் ஷிப்டில் ஒரு பம்பின் பாதுகாப்பு வால்வைப் பழுது பார்க்கக் கழற்றினார்கள். மாலைக்குள் வேலை முடியவில்லை, குழாயின் திறந்த வாயை ஒரு தகட்டால் தற்காலிகமாக மூடினார்கள். இந்த நிலையில் பம்பை ஓட்டக் கூடாது. பழுது வேலைக்கான அனுமதிச் சீட்டை ஒப்படைக்கப் போனவர், பொறுப்பாளர் வேறு வேலையில் மும்முரமாக இருந்ததைப் பார்த்து, அவரிடம் வாய்விட்டு எதுவும் சொல்லாமல் சீட்டைக் கட்டுப்பாட்டு அறையில் வைத்துவிட்டுப் போனார். இரவு பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் இன்னொரு பம்ப் நின்றுவிட்டது. மேடைக்கு மின்சாரம் வேண்டும், அவசரம். கழற்றிய பம்புக்கு இரண்டு சீட்டுகள் இருந்தன. இரவு ஆட்கள் கையில் கிடைத்தது பெரிய பராமரிப்புக்கான சீட்டு. அந்த வேலை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை, ஆகவே பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டார்கள். வால்வுக்கான சீட்டு அவர்கள் கண்ணில் படவில்லை. பம்பைப் போட்டார்கள், வாயு கசிந்து வெடித்தது. 167 பேர் இறந்தார்கள்.

பிறகு நீதிபதி கல்லன் விசாரித்து 1990-இல் அறிக்கை கொடுத்தார். 106 பரிந்துரைகள். அனுமதிச் சீட்டும் ஷிப்ட் ஒப்படைப்பும் நடந்த விதத்தை அதில் கடுமையாகச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் இடத்தில் போனது நூல்தான், உயிர் இல்லை. ஆனாலும் வழி ஒன்றுதான். எங்களிடம் இப்போது போகிறவர், வருகிறவர் இரண்டு பேரும் சேர்ந்து கருவி இருக்கும் இடத்துக்கே நடந்து போக வேண்டும். மேசையில் உட்கார்ந்து ஒப்படைத்தால் செல்லாது.

---

இரவுநேர_செவிலி எழுதியது:

எண்ணெய்மேடை அண்ணன் சொன்னதைப் படித்ததும் எங்கள் வார்டுதான் ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் நர்ஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்து "ஒன்றாம் பெட் ஓகே, இரண்டாம் பெட் ஓகே, மூணு ட்ரிப் ஓடுது" என்று பட்டியல் வாசிப்போம். இப்போது படுக்கைக்குப் படுக்கை நடந்தே சொல்கிறோம். ட்ரிப் பாட்டிலில் எவ்வளவு மீதி என்று இரண்டு பேர் கண்ணும் பார்க்கும். நோயாளியே சில சமயம் திருத்துவார், "இல்லம்மா, அந்த ஊசி இன்னும் போடலை" என்று.

சொல்வதற்கு ஒரு வரிசையும் உண்டு. இப்போது என்ன நிலைமை, அதற்கு முன்னால் என்ன நடந்தது, நான் என்ன நினைக்கிறேன், நீங்கள் என்ன செய்ய வேண்டும். எஸ்பார் என்பார்கள். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களிலிருந்து மருத்துவமனைக்கு வந்த முறை. இதில் மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. நர்ஸுக்கும் ஒரு கருத்து இருக்கிறது, அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்று படிவமே கேட்கிறது. இல்லாவிட்டால் பெரிய டாக்டரிடம் "பிபி கொஞ்சம் லோவா இருக்கு சார்" என்று இழுத்துவிட்டு நின்றுவிடுவோம்.

லைன்கிளியர் ஐயா சொன்ன அந்தத் திருப்பிச் சொல்லும் பழக்கத்துக்கு எங்களிடம் ஆதாரமே இருக்கிறது. ஐபாஸ் என்று இன்னொரு ஒப்படைப்பு முறை. அதன் கடைசிப் படியே வாங்கிக்கொள்கிறவர் தன் வார்த்தையில் சுருக்கிச் சொல்வதுதான். வட அமெரிக்காவில் ஒன்பது குழந்தைகள் மருத்துவமனைகளில் இதைப் பயிற்சி கொடுத்து நடைமுறைப்படுத்திப் பார்த்து, 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மருத்துவத் தவறுகள் 23 சதவீதம் குறைந்தன. ஒப்படைக்கும் நேரம் கூடவில்லை. "இதுக்கெல்லாம் நேரம் ஏது" என்று கேட்பவர்களுக்கு நான் இந்தக் கடைசி வரியைத்தான் காட்டுவேன்.

---

கோன்வைண்டிங்_அக்கா எழுதியது:

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். நான் மில்லில் கோன் வைண்டிங்கில் நின்று வேலை பார்த்து, இப்போது குவாலிட்டியில் இருக்கிறேன். ஒரு சந்தேகம் கேட்கிறேன், ரிங்ஃபிரேம்காரன் தம்பி கோபிக்க வேண்டாம்.

அந்த மதியம் வரைக்கும் ஆட்டோகோனரில் நின்ற பெண்களில் ஒருத்திக்குக்கூடவா தெரியவில்லை? கோம்ப்டு நூல் கையில் பட்டால் வழுவழுவென்று இருக்கும், பஞ்சு குறைவாகப் பறக்கும். தினமும் அதையே தொடுகிறவளுக்குத் தெரியாமல் இருக்காது. எனக்கென்னவோ யாருக்கோ சந்தேகம் வந்திருக்கும் என்றுதான் தோன்றுகிறது. சொல்லியிருக்க மாட்டாள். ஏன் என்று உங்களுக்கே தெரியும். மெஷினை நிறுத்தினால் உற்பத்தி குறையும், உற்பத்தி குறைந்தால் மேஸ்திரி கத்துவார். "உன் வேலையைப் பாரு" என்பார். ஒரு தடவை அப்படி வாங்கிக்கட்டிக்கொண்டவள் மறு தடவை வாயைத் திறக்க மாட்டாள். ஹாஸ்டலில் இருக்கும் பெண் என்றால் சொல்லவே வேண்டாம்.

மேஸ்திரிக்கும் மேஸ்திரிக்கும் நடுவில் எத்தனை கையெழுத்து வாங்கினாலும், கீழே இருப்பவள் சொன்னால் கேட்க ஆள் இல்லையென்றால் டீம் ஏது?

அப்புறம் அந்த பாபின். கலர் பாபின் போதுமான அளவு வாங்கிப் போட்டிருந்தால் இந்த விவாத இழையே வந்திருக்காது. பேச்சை வைத்து எல்லாவற்றையும் சரிசெய்யப் பார்க்காதீர்கள். பொருள் வாங்க வேண்டிய இடத்தில் பொருள் வாங்க வேண்டும்.

---

ஸ்டாண்டப்_சலிப்பு எழுதியது:

அக்கா 🙏 கடைசிப் பத்தியைச் சட்டம் போட்டு மாட்டலாம்.

---

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

அக்கா சொன்னதில் பாதிக்கு என்னிடம் பதில் இல்லை. பாபின் வாங்க இன்டென்ட் (கோரிக்கைச் சீட்டு) போட்டிருக்கிறோம், பர்சேஸில் நிற்கிறது.

வைண்டிங் பெண்களிடம் விசாரித்தேன். ஒரு பெண் பக்கத்து மெஷின்காரியிடம் "இது வேற மாதிரி இருக்கு" என்று சொல்லியிருக்கிறாள். இருவரும் ஒடிசா. மேஸ்திரிக்கு ஒடியா தெரியாது, அந்தப் பெண்களுக்குத் தமிழ் சரியாக வராது. மேஸ்திரிக்கு அவர்கள் பெயரும் தெரியவில்லை, அது இப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

---

இரவுநேர_செவிலி எழுதியது:

பெயர் தெரியாதது சின்ன விஷயம் இல்லைங்க. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் அறுவைச் சிகிச்சைக்கு ஒரு சரிபார்ப்புப் பட்டியல் கொண்டுவந்தது. கத்தி வைப்பதற்கு முன்னால் அறையில் இருக்கும் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்லியாயிற்றா என்பது அதில் ஒரு கேள்வி. எட்டு ஊர்களில் எட்டு மருத்துவமனைகளில் சோதித்தார்கள், டெல்லியும் ஒன்று. பட்டியல் வந்த பிறகு பெரிய சிக்கல்கள் 11 சதவீதத்திலிருந்து 7 ஆகவும், இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும் குறைந்தன. பட்டியலில் வேறு பல விஷயங்களும் இருக்கின்றன, பெயர் சொன்னதால் மட்டும் இது நடந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒருதடவை வாய் திறந்து பெயரைச் சொன்னவருக்கு, அப்புறம் "டாக்டர், ஒரு நிமிஷம்" என்று சொல்வது கொஞ்சம் எளிது. ஆபரேஷன் தியேட்டரில் நின்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

---

மனிதவளம்_ஓசூர் எழுதியது:

ஏலகிரிக் கிண்டலை ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும் அக்கா எழுப்பிய விஷயத்தைத்தான் எங்கள் துறையில் பல வருடமாகப் பேசுகிறோம், அதனால் ஒன்று சொல்லிவிடுகிறேன்.

ஹார்வர்டின் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களில் மருந்துத் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுவில் தவறு குறைவாக இருக்கும் என்பது அவருடைய எதிர்பார்ப்பு. கணக்கு நேர்மாறாக வந்தது, நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம் பதிவாகியிருந்தது. உள்ளே போய்ப் பார்த்தபோதுதான் விளங்கியது: அந்தக் குழுக்கள் தவறுகளை மறைக்காமல் வெளியே சொல்கின்றன. மற்ற இடங்களில் சொன்னால் அடி விழும் என்று பயந்து அமுக்கிவிடுகிறார்கள். பின்னால் கூகுள் தன் குழுக்களை ஆராய்ந்தபோதும், பயமில்லாமல் பேச முடிகிறதா என்பதுதான் முதல் காரணமாக வந்தது.

டொயோட்டா கார் ஆலையில் ஆண்டான் என்ற எச்சரிக்கைக் கயிறு இருக்கிறதே, அதுவும் இந்த வகைதான். லைனில் நிற்கும் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்தவுடன் குழுத் தலைவர் ஓடி வருவார். வண்டி குறிப்பிட்ட இடத்தைத் தாண்டுவதற்குள் சரியாகிவிட்டால் லைன் நிற்காது, இல்லையென்றால் நிற்கும். வருகிறவர் முதலில் நன்றி சொல்ல வேண்டும் என்று பயிற்சி கொடுப்பார்கள்.

உங்கள் மில்லில் இரண்டு பேருக்கும் மெமோ கொடுத்தீர்கள். அடுத்த தடவை லாக் புக்கில் எழுதுவதற்கே ஆள் யோசிப்பார். எழுதாமல் இருந்தால் "எனக்குத் தெரியாது" என்று தப்பிக்கலாமே.

---

லைன்கிளியர் எழுதியது:

ஓசூர் சார் சொன்னதில் ஒரு திருத்தம். பயம் போனால் மட்டும் போதாது. கேட்மேனுக்கு என்னிடம் பயம் கிடையாது, ராத்திரி முழுக்கப் போனில் குடும்பக் கதை பேசுவார். ஆனாலும் எண் கொடுக்காமல் நான் சிக்னல் இறக்க மாட்டேன். நட்பு வேறு, முறை வேறு. இரண்டும் வேண்டும்.

---

சங்கத்தோழர் எழுதியது:

எல்லாம் சரி. இந்த ஒப்படைப்பை யாருடைய நேரத்தில் செய்யப் போகிறீர்கள்?

எங்கள் பக்கத்து மில்களில் ஷிப்ட் முடியும் சங்கு ஊதியதும் மில் பஸ் கிளம்பிவிடும். அதை விட்டால் ஊருக்குப் போக வழியில்லை. சைடர், அதாவது ஃபிரேமைக் கவனிக்கும் தொழிலாளி, எப்படி நின்று பேசுவார்? "கமிட்மென்ட் இல்லை" என்று மேலே எழுதுவார்கள், பஸ் நேரத்தைப் பற்றி எழுத மாட்டார்கள். பதினைந்து நிமிடம் இரு என்றால், வாரம் ஆறு நாளுக்கு ஒன்றரை மணி நேரம். ஏற்கெனவே 48 மணி நேரம் வேலை பார்க்கிறவருக்கு அது ஓவர்டைம். 1948 தொழிற்சாலைகள் சட்டம் பிரிவு 59-இல் அதற்கு இரட்டிப்புக் கூலி இருந்தது.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. அதே சட்டத்தின் பிரிவு 58, ஒரே வகை வேலையில் ஒரே நேரத்தில் இரண்டு ஷிப்ட் ஆட்கள் இருக்கும்படி ஷிப்டை அமைக்கக் கூடாது என்றது. விலக்கு வேண்டுமென்றால் அரசிடமோ தலைமை ஆய்வாளரிடமோ வாங்க வேண்டியிருந்தது. ஒரு ஷிப்டின் பெயரில் இரண்டு ஷிப்ட் வேலை வாங்கிவிடக் கூடாது என்பதற்காக வைத்த பாதுகாப்பு அது. மேற்பார்வை, நிர்வாகப் பொறுப்பில் இருப்பவர்களுக்கு விலக்கு கொடுக்கப் பிரிவு 64-இல் இடமிருந்தது. அதனால் சூப்பர்வைசர் மட்டத்தில் ஒன்றாக நிற்பது சுலபமாக இருந்தது. தொழிலாளர்களை நிற்க வைப்பதென்றால் எழுத்தில் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். இந்தச் சட்டத்தின் இடத்துக்கென்று 2020-இல் நிறைவேற்றிய புதிய தொகுப்பு 2025 நவம்பரில் அமலுக்கு வந்துவிட்டது, கேட்கும்போது அதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள்.

"டீம்" என்று சொல்லி இலவச நேரம் வாங்குவது மட்டும் வேண்டாம்.

---

எண்ணெய்மேடை எழுதியது:

தோழர் சொல்வது நியாயம். எங்களுக்கு ஒப்படைக்கும் நேரமும் சம்பளத்தில் சேர்த்திதான்.

---

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

இத்தனை பேர் எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. சட்ட விஷயம் எனக்குப் புதிது, பர்சனல் ஆபீசரைக் கேட்டேன், அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கும் புதிது போலத்தான் இருந்தது.

மேனேஜரிடம் பேசி இதுவரை முடிவானது: சைடர், டாஃபர் (நிரம்பிய பாபினை எடுப்பவர்) யாரையும் ஷிப்ட் முடிந்து நிற்க வைக்கப் போவதில்லை. சூப்பர்வைசர் மட்டும் பதினைந்து நிமிடம் முன்னால் வருவார். வருகிறவரும் போகிறவரும் ஃபிரேம் ஃபிரேமாக நடப்பார்கள். எல்லா ஃபிரேமுக்கும் கதை சொல்லத் தேவையில்லை, முந்தின ஷிப்டில் எது மாறியதோ அது மட்டும். கவுன்ட் மாற்றம், மிக்சிங் (பஞ்சுக் கலவை) மாற்றம், டிராவலர் (நூலை வழிநடத்தும் சின்ன வளையம்) மாற்றியது, ஃபிட்டர் பாதியில் விட்டது. போகிறவர் சொல்வார், வருகிறவர் திருப்பிச் சொல்வார், அதற்குப் பிறகுதான் ஃபிரேம் தலைப்பில் இருக்கும் பலகையில் வருகிறவரே தன் கையால் எழுதுவார். இதுவரை போகிறவர்தான் எழுதிக்கொண்டிருந்தார். எழுதும் கையை மாற்றியது லைன்கிளியர் ஐயா போட்ட விதை.

பலகையில் வார்த்தை கிடையாது. எண், கோம்ப்டுக்கு ஒரு கலர் பட்டை, கார்டடுக்கு ஒரு கலர் பட்டை. ஒடிசாக்காரர், பீகார்காரர், நம்ம ஊர்க்காரர் எல்லோருக்கும் எண் தெரியும், கலர் தெரியும். பலகைக் கலரும் பாபின் கலரும் ஒத்துப் போகவில்லையென்றால் எந்தப் பெண்ணும் மெஷினை நிறுத்திவிட்டு விளக்கைப் போடலாம் என்று சொல்லியிருக்கிறோம். மேஸ்திரி முன்னாலேயே இதைச் சொல்ல வைத்தோம்.

வாட்ஸ்அப் குழுவை இரண்டாகப் பிரித்தாயிற்று. ஒன்று கேக்குக்கு.

---

கோன்வைண்டிங்_அக்கா எழுதியது:

சொல்லியிருக்கிறோம் என்கிறீர்கள். எந்த மொழியில்?

---

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

தமிழிலும் இந்தியிலும். ஒடியா தெரிந்த ஒரு பெண் அங்கேயே மொழிபெயர்த்தாள். புரிந்ததா என்று கேட்டதற்கு எல்லோரும் தலையாட்டினார்கள்.

---

கோன்வைண்டிங்_அக்கா எழுதியது:

தலையாட்டல் செல்லாதுன்னு மேலே ஐயா பக்கம் பக்கமா எழுதியிருக்காரே! ஒருத்தியைக் கூப்பிட்டு, தப்பான பாபினைக் கையில் கொடுத்து, இப்ப என்ன பண்ணுவேன்னு செஞ்சு காட்டச் சொல்லுங்க.

---

மட்டுறுத்துநர் எழுதியது:

புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நல்லதா கெட்டதா என்ற விவாதம் ஓடிய பதினோரு பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே ஷிப்ட் ஒப்படைப்பு மட்டும்.

---

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

சில வாரம் ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுகிறேன். காலை மாற்றம் நன்றாகப் போகிறது. சாயங்காலமும் பரவாயில்லை. நடு இரவு மாற்றம்தான் இழுக்கிறது. அரை நைட் முடித்துப் போகிறவருக்குத் தூக்கம், வருகிறவருக்கும் தூக்கம். இரண்டு பேரும் நாலு ஃபிரேம் நடந்துவிட்டு மீதியை டீக்கடையில் வைத்துப் பேசிவிடுகிறார்கள். அவர்களைத் திட்டவும் மனசு வரவில்லை.

வைண்டிங்கில் அக்கா சொன்னபடி செய்து காட்டச் சொன்னோம். முதல் பெண் பாபினை வாங்கி, பலகையைப் பார்த்து, அப்புறம் மேஸ்திரி முகத்தைப் பார்த்தாள். அவர் "போடு, போடு" என்ற பிறகுதான் விளக்கைப் போட்டாள். அடுத்தவள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு நிஜமாகவே இரண்டு தடவை விளக்கு எரிந்தது. ஒன்று வெறும் சந்தேகம், ஒன்று உண்மையான கலப்பு. சந்தேகத்துக்கு நிறுத்தியபோது மேஸ்திரி பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார், ஒன்றும் சொல்லவில்லை. அவரைப் பொறுத்தவரை அதுவே பெரிய முன்னேற்றம்.

இப்போது புதுச் சிக்கல். மேனேஜருக்கு முறை பிடித்துப்போய்விட்டது. யார் சரியாகத் திருப்பிச் சொல்லவில்லை, யார் எந்த ஃபிரேமை விட்டார் என்று ஒரு பதிவேடு போட்டு இன்கிரிமென்டில் சேர்க்கலாம் என்கிறார். எனக்கு இது சரியாகப் படவில்லை. என்ன சொல்லி நிறுத்துவது?

---

மனிதவளம்_ஓசூர் எழுதியது:

பதிவேடு போட்டால் மறுநாளே எல்லாக் கட்டமும் பச்சையாகிவிடும் என்று சொல்லுங்கள். ஆடிட்டுக்கு முந்தின நாள் ஒரே பேனாவில் போட்ட கையெழுத்தை அவரும் பார்த்திருப்பாரே. எண்ணிக்கை வேண்டுமென்றால் விளக்கு எத்தனை தடவை எரிந்தது என்பதைக் குறிக்கட்டும், யார் போட்டார் என்பது வேண்டாம். மாதத்துக்கு மாதம் அது பூஜ்யத்துக்கு இறங்கினால் சந்தோஷப்படாமல் உள்ளே போய் விசாரிக்கச் சொல்லுங்கள்.

---

லைன்கிளியர் எழுதியது:

நடு இரவு மாற்றத்துக்கு ஒரு யோசனை. எல்லா ஃபிரேமையும் நடக்கச் சொல்லாதீர்கள். மாறிய ஃபிரேமில் மட்டும் போகிறவர் ஒரு சீட்டைத் தொங்கவிடட்டும், அதில் ஏதாவது ஒரு எண் இருக்கட்டும், வரிசையில் இல்லாத எண். வருகிறவர் அந்த எண்களைத் தன் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் போகிறவர் கேட்டைத் தாண்டலாம். எண் தெரிய வேண்டுமென்றால் ஃபிரேமுக்கு நடந்தே தீர வேண்டும். டீக்கடையிலிருந்து எழுத முடியாது.

---

சங்கத்தோழர் எழுதியது:

ஐயா, போகிறவரே டீக்கடையில் அந்த எண்களை வருகிறவருக்குச் சொல்லிவிட்டால்?

---

லைன்கிளியர் எழுதியது:

சொல்வார்கள். எங்கள் லைனிலும் அந்த மாதிரிக் கெட்டிக்காரர்கள் உண்டு. சீட்டைச் சூப்பர்வைசர் தொங்கவிட வேண்டாம், அந்த ஃபிரேமின் சைடரிடம் கொடுத்துவிடுங்கள். வருகிறவர் போய் அந்தப் பெண்ணிடம் கேட்டு வாங்கட்டும். அப்படியே அவள் பெயரையும் கேட்டு எழுதட்டும்.

---

ரிங்ஃபிரேம்காரன் எழுதியது:

நாளைக்கு முழு நைட்டுக்கு நான்தான் போகிறேன். போட்டுப் பார்க்கிறேன் ஐயா.